உடும்பண்ணனின் வலக்கை

காலையில் வாங்கிக் கொடுத்த நாசி லெமாக் சோற்றுக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் மேடம். சம்பலில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நடந்ததைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், மலாயில் மாற்றுவது எங்கள் பாடு என்றீர்கள். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. மலாயில் எனக்குச் சண்டை போடத்தான் நன்றாக வரும், நிதானமாக விளக்கிச் சொல்ல வராது. இந்த விஷயத்தில் நிதானம் வேண்டும் என்று நினைக்கிறேன். இதுவரை இதைப் பற்றிப் பேசிய எல்லோருமே அழுதுகொண்டுதான் பேசியிருக்கிறார்கள்.

என் பெயர் ரூபேந்திரன். ரூபன் என்றால்தான் தம்போயில் தெரியும். தொழில் பொம்மலாட்டம். நூல் கட்டி ஆட்டுகிற பொம்மை இல்லை, கையை உள்ளே விட்டு வாயை அசைத்துப் பேச வைக்கிற பஞ்சுப் பொம்மை. பிறந்தநாள் விருந்து, தமிழ்ப்பள்ளி விழா, பேரங்காடியில் தீபாவளி விற்பனை என்று ஜொகூரில் எங்கெல்லாம் பிள்ளைகளைப் பாய் போட்டு உட்கார வைக்கிறார்களோ, அங்கெல்லாம் ஒரு துணித் திரைக்குப் பின்னால் நான் மண்டி போட்டிருக்கிறேன். அப்படி மண்டி போட்டே முட்டி இரண்டும் போய்விட்டன. என்னை யாரும் பார்த்ததில்லை. பொம்மையைப் பார்த்தால் என்னைப் பார்த்த மாதிரிதானே என்று சொல்லிக்கொள்வேன்.

உடும்பண்ணனை நீங்கள் சுவரொட்டியில் பார்த்திருப்பீர்கள். பச்சை உடம்பு, தொங்கிப்போன தாடை, ஒரு கண் மற்றதைவிடப் பெரிது. அது என் வீட்டு ஹாலில் பிறந்தது. தலைக்கான பஞ்சை இங்கே ஒரு பட்டறையில் பிரித்துப் போட்டிருந்த பஸ்ஸின் இருக்கையிலிருந்து வெட்டி எடுத்தேன். தோலுக்கு, தங்காக் துணிக்கடை ஒன்றில் ரவிக்கைக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள். அவற்றைச் செதில் செதிலாக நானே தைத்தேன். ஒரு கண் பெரிதாகப் போனது கை தவறித்தான், ஆனால் அதில் ஒரு திருட்டு முழி வந்துவிட்டதால் அப்படியே விட்டேன். எதையோ மென்றுகொண்டே பேசுகிற அந்தக் கரகரத்த குரலும் நான் கண்டுபிடித்ததுதான். இந்த வாக்குமூலத்தில் வேறு எதைச் சுருக்கினாலும் இந்தப் பத்தியைச் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மரியநாதனை இந்தத் தொழிலுக்குள் இழுத்து வந்தவனும் நான்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு. எனக்குப் பேச வரும், பாட வராது. பிறந்தநாள் நிகழ்ச்சிகளுக்குப் பாடுகிற ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. வந்தார், பாடினார், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. அவர் மனைவி கத்தரின் அண்ணி எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே சோறு கட்டிக் கொடுப்பார். நல்ல மனிதர்கள். மரியண்ணனைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லப் போவதில்லை. அவருக்கு இருந்த ஒரே குறை ஆஸ்துமா.

பிறகு பிரவீனா படம் எடுக்க வந்தாள். கெலாங் பாத்தாக்காரி, கோலாலம்பூரில் சினிமா படித்தவள், துடியான பெண். முழுக்க முழுக்கப் பொம்மைகளே நடிக்கிற படம், பாட்டும் கூத்தும் சிரிப்புமாகக் குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி வேண்டும் என்றாள். கதை ஒரு கொள்ளை. கம்பத்து ஜனங்களின் டுரியான் பழங்கள் அத்தனையையும் பணக்கார முதலாளியான ஒரு மரநாய் தௌக்கே வளைத்துப் போட்டுத் தன் பெட்டகத்தில் பூட்டிவிடுகிறான். சுவர் ஏறத் தெரிந்த உடும்பண்ணன், மூக்கு நீண்ட ஒரு தாபிரையும் ஒரு சருகுமானையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பெட்டகத்தை உடைக்கக் கிளம்புகிறார். பழத்தை எடுத்துவிடுவார்கள், ஆனால் வாசம் ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும். கடைசியில் தௌக்கே உட்பட எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தின்பார்கள். ரத்தம் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, யாரும் சாகக் கூடாது என்று பிரவீனா முதல் நாளே சொல்லிவைத்தாள்.

குரல் சோதனையன்று நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அடுத்து, பாட்டைப் பாடிக் காட்டுவதற்காக மரியண்ணன் பொம்மையைக் கையில் மாட்டினார். என் குரலையே எடுத்துக்கொண்டு, அதில் தன் இழுப்பையும் சேர்த்துவிட்டார். ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சு வாங்குகிற மாதிரி ஹீ ஹீ என்று ஒரு சிரிப்பு. பிரவீனா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“ரூபன் அண்ணே, நீங்க பேசுனா பொம்ம பேசுற மாதிரி இருக்கு. இவரு பேசுனா உடும்பே பேசுது லா. தப்பா எடுத்துக்காதீங்க.”

“இதுல என்ன தப்பு? படம் நல்லா வந்தா சரி,” என்றேன்.

நான் அப்படிச் சொன்னது அங்கிருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

எனக்கு வலக்கை கொடுத்தார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உடும்பண்ணன் மாதிரிப் பொம்மைக்கு இரண்டு ஆள். முதல் ஆள் தன் வலது கையைத் தலைக்குள் விட்டு வாயை அசைப்பார், இடது கையைப் பொம்மையின் இடது கைக்குள் விடுவார். பொம்மையின் வலது கைக்கு இன்னொருவரின் கை வேண்டும். அந்த இரண்டாம் ஆள் முதல் ஆளோடு ஒட்டி நின்று தன் வலது கையை மட்டும் மேலே நீட்டுவான். அவனுடைய இடது கைக்கு வேலை இல்லை, அதை முதல் ஆளின் முதுகில் வைத்துக்கொள்வான். அவர் எந்தப் பக்கம் சாயப் போகிறார், எப்போது மூச்சை இழுத்துப் பேசப் போகிறார் என்று முதுகைத் தொட்டே தெரிந்துகொள்ளலாம். அந்த ஆளின் பெயர் வலக்கை. படப்பிடிப்பில் என்னை யாரும் ரூபன் என்று கூப்பிடவில்லை. வலக்கை, தேத்தண்ணி வந்துருச்சு. வலக்கை, கொஞ்சம் தள்ளுங்க. பேசுகிறவர்கள் எல்லோருக்கும் நெற்றியில் ஒரு மைக் கட்டினார்கள். எனக்கு இல்லை. வலக்கைக்கு மைக் எதற்கு?

முதல் ஆளின் இரண்டு கைகளும் பொம்மைக்குள் மாட்டிக்கொள்வதால் அவருடைய சாமான்கள் வலக்கையிடம் இருக்கும். மூக்குக் கண்ணாடி, கைக்குட்டை, மரியண்ணன் விஷயத்தில் மூச்சுப் பம்பும். அவருக்கு மூக்கு அரித்தால்கூட நான்தான் சொறிந்துவிட வேண்டும். இழுப்பு வந்தால் ஷாட் முடிந்ததும் பம்பை எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்துவேன். எத்தனையோ தடவை செய்திருக்கிறேன், ஒரு தடவையும் தாமதித்ததில்லை. கத்தரின் அண்ணியும் காலையில் பம்பை அவரிடம் கொடுப்பதை விட்டுவிட்டு நேராக என் கையில் கொடுக்கப் பழகிவிட்டார்.

இன்னொரு வழக்கம் மரியண்ணனே கொண்டுவந்தது. பொம்மை கையில் இருக்கும் வரை யாரும் சொந்தக் குரலில் பேசக் கூடாது. பேசியவர் அன்றைக்கு எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கித் தர வேண்டும். கேமரா ஓடினாலும் ஓடாவிட்டாலும் இதுதான் சட்டம். விளக்கு சுடுகிறது என்பதை உடும்பண்ணன்தான் சொல்லுவார், கால் மரத்துப்போச்சு என்பதைத் தாபிர்தான் சொல்லும். நாளடைவில் பிரவீனாவும் ஆளைப் பார்க்காமல் பொம்மையைப் பார்த்தே பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். மரியண்ணன் செத்ததற்கு என்ன காரணம் என்று என்னைக் கேட்டால் முதலில் இந்தச் சட்டத்தைத்தான் சொல்லுவேன். அதைப் போட்டது நான் இல்லை.

படத்தில் எல்லோரும் ரசிக்கிற ஒரு வேடிக்கை உண்டு. உடும்பண்ணனின் வலது கை அவர் பேச்சைக் கேட்காது. கும்பிடச் சொன்னால் மூக்கை நோண்டும், பூட்டைத் திறக்கச் சொன்னால் மாட்டேன் என்று விரலை ஆட்டும். அது கதையில் எழுதி வந்ததில்லை. ஒருநாள் காலையில் சுவரொட்டி அச்சாகி வந்தது. உடும்பண்ணன் படத்துக்குக் கீழே மரியநாதன் என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. செய்தவன் என்றாவது என் பெயர் மூலையில் இருக்குமா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன், இல்லை. அன்றைய ஷாட்டில் உடும்பண்ணன் வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். என் கை போகவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை மேடம், போகவில்லை, அவ்வளவுதான். மரியண்ணன் விடுவாரா?

“டேய் வலக்க, நீ யாருகிட்ட சம்பளம் வாங்குற?” என்று உடும்புக் குரலில் அதட்டினார்.

நான் விரலை ஆட்டினேன். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காட்சிக்குக் காட்சி இது வேண்டும் என்று பிரவீனா சொல்லிவிட்டாள். நன்றாகச் சமாளித்தீர்கள் என்று எல்லோரும் மரியண்ணன் கையைக் குலுக்கினார்கள்.

பெட்டகக் காட்சி எடுத்த அன்று மதியம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். படப்பிடிப்பு தம்போயில்தான், மெத்தை செய்துகொண்டிருந்த ஒரு பழைய தொழிற்சாலையில். உள்ளே வேக்காடு தாங்காது, அதனால் பின்பக்கம் லாரி நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தோம். கத்தரின் அண்ணி மீன் சம்பல் வைத்து அனுப்பியிருந்தார்.

“தம்பி, சிங்கப்பூர்ல உடும்பண்ணன டிவி தொடரா கேக்குறாங்க. வாரா வாரம் வருமாம்,” என்றார் மரியண்ணன்.

“நல்லதுண்ணே. எப்ப போறோம்?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அங்க வலக்கைக்கு அவங்களே ஆள் வச்சிருக்காங்களாம். உனக்காகக் கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னுட்டாங்க. பொம்ம செஞ்சது நீதான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன், வருத்தப்படாத.”

“பொம்மையும் போகுதா?”

“பொம்ம இல்லாம எப்படிப்பா?”

பொம்மையைப் படக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தது நான்தான், அதில் தகராறு இல்லை. படம் முடிந்தால் மறுபடி என் கைக்கு வரும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். மரியண்ணன் தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் சாப்பிட்டேன். கோபத்தில் இருக்கிறவன் அப்படிச் சாப்பிட மாட்டான் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

பெட்டகத்தின் உட்புறம் என்று படத்தில் தெரிவது ஒரு பலகைப் பெட்டி. மேல்பாதியில் பொம்மையும் டுரியான்களும், கீழ்ப்பாதியில் நாங்கள் இருவரும். நான்கு பக்கமும் பலகை அடைத்து, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். பொம்மை எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ள ஓரத்தில் ஒரு சின்னத் திரை. கையை உயர்த்தி நின்றுவிட்டால் குனியக்கூட இடம் கிடையாது. பசை வாடை ஒரு பக்கம், பெட்டகத்தை உடைத்ததாகக் காட்ட விட்ட புகை ஒரு பக்கம். எங்களை உள்ளே விட்டு வெளியே தாழ் போட்டார்கள்.

“ஒரே ஷாட்டா எடுக்குறோம், நடுவுல வெட்ட மாட்டேன். பாட்டுக்கு நடுவுல என்ன தோணுதோ பேசுங்க உடும்பண்ணே. நான் கட் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க,” என்றாள் பிரவீனா பொம்மையைப் பார்த்து.

பாட்டு முன்பே பதிவானது, வாயை அசைத்தால் போதும். டுரியான்களைக் கட்டிப் பிடித்துப் பாடுகிற பாட்டு. முதல் சரணம் முடிவதற்குள் என் கைக்குக் கீழே அவர் முதுகு மாறிவிட்டது. நடிப்பு இழுப்பு என்றால் தொண்டைதான் வேலை செய்யும், முதுகு சும்மா இருக்கும். நிஜ இழுப்பில் விலாவுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வரும். அந்த வித்தியாசம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், கத்தரின் அண்ணியும் நானும்.

பாட்டு நின்று, பேசுகிற இடம் வந்தது.

“டேய் வலக்க... மூச்சு வரலடா... பம்பக் குடு,” என்றார். உடும்புக் குரலில்தான் கேட்டார்.

வெளியே சிரிப்பு. பஞ்சு அடைத்த உடும்பு, காற்று இறங்கிய சைக்கிள் டயர் மாதிரி பம்பு கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். பம்பு என் கால்சட்டைப் பையில் இருந்தது. என் இடது கை சும்மா இருந்தது. நான் வலது கை விரலை ஆட்டினேன்.

ஏன் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அந்தக் காட்சிக்கு அதுதான் பொருத்தம். கை பேச்சைக் கேட்காது என்பதுதானே வேடிக்கை, அங்கே கேட்டுவிட்டால் சிரிப்பு செத்துவிடும். ஷாட் முடியட்டும், வழக்கம் போல அழுத்திவிடலாம் என்று இருந்தேன். மறுபடியும் பம்பு கேட்டார். நான் உடும்பின் மூக்கைப் பிடித்துத் திருகினேன். தாபிருக்குக் குரல் கொடுக்கிற பையன் தாங்க முடியாமல் சிரித்தது எங்களுக்கே கேட்டது.

அவர் கையை இறக்கியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். இடது கையை இறக்கினார். அது என் பையைத் தேடி வந்தது. பெட்டிக்குள் இடம் குறைவு, நான் கொஞ்சம் திரும்பி நிற்க வேண்டியதாயிற்று. வலது கையைத் தலைக்குள் பட்டை போட்டு இறுக்கியிருந்தோம், அதை அவிழ்ப்பது வலக்கையின் வேலை. கொஞ்ச நேரத்தில் முதுகு அசைவது நின்றது. விழுவதற்கு இடமில்லாததால் என் தோளில் சாய்ந்தார். கடைசி வரை நான் அவரைத் தாங்கிக்கொண்டுதான் நின்றேன்.

பட்டையை அவிழ்த்து அவர் கையை வெளியே எடுத்துவிட்டு என் இடது கையை உள்ளே விட்டேன். தலைக்குள் அவர் கைச்சூடு இருந்தது. வெகுநாள் கழித்து என் பொம்மைக்குள் என் கை. அவர் நெற்றி மைக் என் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது, பேசத் தொடங்கினேன். பொம்மையின் இடது கை தொங்கிக்கொண்டிருந்ததால் அதையே வசனமாக்கினேன். “இடக்கை தூங்கிருச்சு, வலக்கைக்குக் கொழுப்பு ஏறிருச்சு, நான் ஒருத்தனா எப்படிடா களவாடுறது?” சிரிப்பில் பலகை அதிர்ந்தது. அடுத்து இரண்டாம் சரணம், பிறகு டுரியானை மடியில் வைத்துக்கொண்டு உடும்பண்ணன் அழுகிற இடம். அதை நான் செய்த மாதிரி யாரும் செய்ததில்லை. மேடம், அந்த அழுகை சும்மா வந்ததில்லை. ஆயுசு முழுக்க மண்டி போட்டவனுக்குத்தான் அது வரும்.

பிரவீனா கட் சொன்னதும் கைதட்டல் கேட்டது. தாழைத் திறப்பதற்குள் பம்பை எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினேன். கதவைத் திறந்தவர்கள் பார்த்தது அதைத்தான். கட் சொன்ன உடனே சாய்ந்துவிட்டார் என்றேன், எல்லோரும் நம்பினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்துமா என்று மருத்துவர் எழுதினார், அதில் பொய் இல்லை. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கல்லறையில் கத்தரின் அண்ணி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மிச்சம் இருந்த சின்னச் சின்னக் காட்சிகளில் உடும்பண்ணனை நான்தான் செய்தேன். படம் வந்தது. எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற சான்றிதழ். முதலில் திரை முழுக்க மரியண்ணன் படம், மாலை போட்டு. கடைசி மூச்சு வரை நடித்த கலைஞன் என்று பத்திரிகையில் போட்டார்கள். பெட்டகக் காட்சியைத்தான் எல்லோரும் போனில் அனுப்பி அனுப்பிப் பார்த்தார்கள், அதிலும் பாதிக்கு மேலே, அந்த இடக்கை வசனமும் அழுகையும். அந்தக் காட்சிக்காகவே சிறந்த குரல் என்று அவருக்கு விருது கொடுத்தார்கள். அண்ணி மேடை ஏறி வாங்கினார். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். கை வலிக்கத் தட்டினேன்.

பொறுத்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் இரண்டாம் படம் தொடங்கப் போவதாகப் பிரவீனா என்னைக் கூப்பிட்டாள். போனால் அங்கே டாரில் என்று ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான், மரியண்ணன் பாடிய அதே தேவாலயத்தில் பாடுகிறவன். பொம்மையை மாட்டிக்கொண்டு அவரைப் போலவே பேசிக் காட்டினான். அவன் பேசிக் காட்டியது அந்த இடக்கை வசனத்தை.

“அப்படியே மரியண்ணன்தான் லா,” என்றாள் பிரவீனா. “ரூபன் அண்ணே, நீங்க பக்கத்துல இருந்து இவனுக்கு வலக்கையா பாத்துக்கணும். உங்கள விட்டா யாரு?”

அங்கிருந்து நேராகக் கத்தரின் அண்ணி வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அண்ணி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். விருதை இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். போனில் அந்தக் காட்சியை ஓடவிட்டு என் பக்கம் திருப்பினார்.

“இந்த எடத்துல அவரு அழுறாரு பாருங்க தம்பி. இவ்வளவு வருசம் பாடியிருக்காரு, ஒருநாளும் இப்படிச் செஞ்சதில்ல. கடைசி நேரத்துல ஆண்டவரு குடுத்த வரம்.”

“அது நான், அண்ணி,” என்றேன்.

“எது தம்பி?”

“பம்பு கேட்டதுக்கு அப்புறம் எல்லாமே நான்தான். இடக்கை தூங்கிருச்சுன்னு சொன்னது, அழுதது, எல்லாம். அவரு இல்ல.”

அண்ணி காட்சியை நிறுத்தினார். உடும்பண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார்.

“அப்ப அவரு எங்க இருந்தாரு?”

“என் தோள்ல.”

“பம்பு?”

நான் என் கால்சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். அண்ணி எழுந்தார். தேத்தண்ணிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கழுவினார், வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து வாசல் கதவைத் திறந்து வைத்தார். மறுநாள் காலையில் உங்களிடம் வந்திருக்கிறார்.

வேறு யாராவது இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் அந்தப் பாராட்டையும் செத்தவர் கணக்கில் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். பொம்மைக்காரனால் அது முடியாது.

நீங்கள் நேற்றுக் கடைசியாகக் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரிந்ததா என்று கேட்டீர்கள். தெரிந்தது. பையைத் தேடிய கை ஓய்ந்த பிறகு, உடும்புக் குரலை விட்டுவிட்டு, தன் சொந்தக் குரலில், “ரூபன்” என்றார். அவர் தன் சட்டத்தைத் தானே மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அப்போது பம்பைக் கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. ஷாட் முடியட்டும் என்று இருந்ததாக மேலே எழுதியிருக்கிறேன், அது சரியில்லை. சாகட்டும் என்றுதான் கொடுக்கவில்லை.

கொடுக்காமல், மைக்கில் வாயை வைத்து உடும்பண்ணன் குரலில், “யாருடா அது, நடுவுல மனுசக் குரல்ல பேசுறது?” என்றேன். வெளியே வெடிச்சிரிப்பு. அவரே இரண்டு குரலிலும் பேசி வேடிக்கை காட்டியதாக நினைத்துப் பிரவீனா அதை வெட்டாமல் வைத்துவிட்டாள். அந்தப் படத்தில் என் பெயர் காதில் விழுகிற ஒரே இடம் அது. தியேட்டரில் பிள்ளைகள் மிக அதிகமாகச் சிரிக்கிற இடமும் அதுதான், நான் பல தடவை போய்ப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து உங்கள் அறிக்கையில் அந்த வரிக்கு நேரே பேசியவர் மரியநாதன் என்று போட்டுவிடாதீர்கள்.